வெறும் வயிற்றோடு ஏறினாள்

மாசி 5, செவ்வாய்

இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், மகள் மகேசு, விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் கேப்டன், விமானத்தைத் தள்ளி நிறுத்திய மெக்கானிக். ஐந்தே பேர். நாளைக்கு ஊரில் ஐம்பது பேர் பார்த்ததாகச் சொல்வார்கள், அதற்காக எழுதி வைக்கிறேன்.

காற்று இல்லை. வானம் வெளுப்பு. மகேசுவுக்கு இன்று முதல் பாடம். நேற்றே ஊரிலிருந்து கிளம்பி நெல்லிவாசலில் ஜீப், ஒடுகத்தூரில் பஸ், ராத்திரி லாட்ஜ். மகேசுவும் விமானப் பள்ளி விடுதியிலிருந்து வந்து எங்களோடு படுத்தாள்.

விமானம் சின்னது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கதவு தகரம் போல மெல்லிசு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று கேட்டேன். கேப்டன் சிரித்துவிட்டு வைக்கச் சொன்னார்.

7.40 கிளம்பியது. 7.58 மூக்கு சட்டென்று கீழே சாய்ந்தது. இதுவும் பாடம் போலிருக்கிறது என்று கை தட்டினேன். வீட்டுக்காரரும் தட்டினார். மெக்கானிக் தட்டவில்லை. ஓடினார்.

8.09 இறங்கியது. மகேசுவைத் தூக்கித்தான் இறக்கினார்கள். உதடு சுண்ணாம்பு. விமானத்தைத் திருப்பும்போது மயங்கி, ஓட்டும் பிடி மேலேயே சாய்ந்துவிட்டாளாம். கேப்டன் ஒரு கையால் அவளைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் இறக்கியிருக்கிறார். சட்டை முழுக்க வேர்வை.

"காலைல என்னம்மா சாப்ட்ட?" என்று கேட்டார்.

மகேசு என்னைப் பார்த்தாள். "இட்லி சார். மூணு."

நான் வாயைத் திறக்கவில்லை.

மாசி 6, புதன்

ஊர் வந்தாயிற்று. மகேசு விடுதியில். பனி. புளி உடைக்க உட்கார்ந்தேன், அரைக் கூடைகூட ஆகவில்லை.

இட்லி இல்லை. ஒன்றும் இல்லை. திங்கள் மத்தியானம் அவள் சாப்பிட்டதோடு சரி.

வருஷத்து முதல் ஏர் பூட்டும் நாளில், ஏர் பிடிக்கிறவர் முந்தின பொழுதிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, எங்கள் வீட்டு வழக்கம். மூன்று சால் ஓட்டி, மாட்டை அவிழ்த்து, காளியம்மனுக்குச் சூடம் காட்டின பிறகுதான் கூழ். மாமனார் அப்படி, வீட்டுக்காரர் அப்படி. மகேசுவும் முதல்முதலாக ஒன்றில் கை வைக்கிறாள் என்று நான்தான் சொன்னேன்.

லாட்ஜில் அவள், "ம்மா, சாப்டாம ஏறக்கூடாதுன்னு எழுதியே ஒட்டிக்கிறாங்க" என்றாள்.

"அவங்களுக்கு இன்னாடி தெரியும்?" என்றேன். தண்ணீர் பாட்டிலையும் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அவள் ஒருதரம் பையைப் பார்த்தாள். கேட்கவில்லை.

ஏர் பிடிக்கிறவர் மயங்கினால் மண்ணில் விழுவார். எழுப்பி உட்காரவைக்கலாம். அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

மாசி 7, வியாழன்

சிக்னலுக்காகப் பாறை ஏறினேன். மகேசு போன். காரணம் இல்லாமல் மயங்கினால் தலைக்குள் கோளாறு இருக்குமாம். பெரிய பரிசோதனை. காரணம் தெரியாவிட்டால் இனி எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்களாம். கேப்டன் திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிடு என்றேன்.

"சொன்னா பொய் சொன்னவன்னு அனுப்பிடுவாங்கம்மா. சாப்ட்டேன்னு கையெழுத்துப் போட்டுதான் ஏறுனேன்."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவளாகவே, "மயங்கறதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் நான்தாம்மா ஓட்டுனேன். கேப்டன் கைய எடுத்துட்டாரு" என்றாள். லைன் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். "கடையில கேக்கறானுங்க, உம் பொண்ணு மேல போயி சாமியப் பாத்துட்டு வந்துச்சான்னு. இன்னா சொல்றது நானு?" என்றார்.

சாப்பாடு போட்டேன், இருவரும் சாப்பிடவில்லை.

மாசி 8, வெள்ளி

கோயில். எண்ணெய், திரி, சூடம் எடுத்துப் போனேன். மணி கட்டும் கயிறு அறுந்து கிடக்கிறது, பூசாரியிடம் சொல்ல வேண்டும்.

கும்பிட நின்றேன், கேட்க ஒன்றும் வரவில்லை. வேண்டுதல் என்னுடையது என்றால் காய்ந்த வயிறும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அம்மன் இதைக் கேட்கவில்லை. நான் கொடுத்தேன், அதுவும் என் பிள்ளையிடமிருந்து எடுத்து.

மாசி 9, சனி

கேப்டனுக்குக் கடிதம். நாளை வீட்டுக்காரர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மகேசுவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். நகல்:

ஐயா, நான் மகேசுவின் தாய். பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்து நானே கற்றது, பிழை இருக்கும். என் மகளுக்கு நோய் இல்லை. திங்கள் மத்தியானம் முதல் செவ்வாய் காலை வரை அவள் வாயில் சோறும் தண்ணீரும் படவில்லை. நான் சொன்னதால். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்ததும் நான். சாப்பிடாமல் ஏறக்கூடாது என்று அவள் எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை. இட்லி என்று அவள் சொன்னது பொய். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்த எனக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு. அன்று உங்கள் உயிரும் போயிருக்கும். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவளை மறுபடி ஏற்றுவீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும் எனக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.