தண்ணீர் ஊற்றி அழித்த எட்டு

ஹெல்சிங்கி,
9 பிப்ரவரி 1909

அன்புத் தோழி தோராவுக்கு,

ரீகா நகரிலிருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் இருமல் நின்றதா?

ரயிலடியில் பாண்டு வாத்தியம் வைத்திருந்தார்கள். வட ஐரோப்பியப் பனித்தரைச் சறுக்குக் கோப்பையில் பெண்களைச் சேர்த்த முதல் வருஷமே நம் ஊர்ப் பெண் ஜெயித்துவிட்டாள் என்று மேயர் அரை மணி நேரம் பேசினார். அவர் கொடுத்த ஏலக்காய் ரொட்டியைத் தொடக்கூட முடியவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். பனித்தரையில் நீ சறுக்கிச் சறுக்கி எட்டு வடிவக் கோடு போட்டு முடித்ததும் நான் மண்டியிட்டுப் பார்த்தேன். மூன்று சுற்றும் ஒரே கோட்டின் மேல் விழுந்திருந்தன. என் எட்டில் மூன்றாவது சுற்று நாலு விரற்கடை விலகிக் கிடந்தது. கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லியிருப்பார். நடுவர் ஐந்து பேரும் அதே இடத்தில் குனிந்து பார்த்தார்கள். அதில் மூன்று பேர் எனக்கு முதலிடம் கொடுத்தார்கள், உங்கள் ஊர் ஹோகன்சன் உட்பட.

நாம் இருவரும் கையெழுத்துப் போட்டுச் சறுக்குச் சங்கத்துக்கு எழுதுவோம். ஜெயித்தவளே தப்பு என்று சொன்னால் அவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். உன் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பைத்தியம் என்பார்கள். உடனே பதில் போடு.

உன்
அய்லி

*

கிறிஸ்டியானியா,
நார்வே,
20 பிப்ரவரி 1909

அன்புள்ள அய்லி,

இருமல் போய்விட்டது. உன் மனசு யாருக்கும் வராது. ஆனால் விட்டுத் தள்ளடி. அன்று சாயங்காலமே தண்ணீர் ஊற்றித் தரையை மறுபடி உறைய வைத்துவிட்டார்கள். உன் எட்டும் இல்லை, என் எட்டும் இல்லை. எதைக் காட்டி வழக்காடுவாய்?

அடுத்த வருஷம் கோப்பை எங்கள் ஊரில். எங்கள் வீட்டிலேயே தங்கு. உனக்குப் பிடிக்காத ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை அம்மா எடுத்து வைத்துக் காத்திருப்பாள்.

மாறாத அன்புடன்
தோரா

*

ஹெல்சிங்கி,
3 மார்ச் 1909

தோரா,

எங்கள் ஊர் நடுவர் நிபெர்க்கின் வீட்டுக்கே போய்விட்டேன். மனிதர் ஹெர்ரிங் மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என் எட்டுக்கு எப்படி முதலிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். விரலை நக்கிக்கொண்டே சிரித்தார்.

"இதுல என்னம்மா இருக்கு? இந்த வருஷம் நமக்கு, அடுத்த வருஷம் அவங்களுக்கு. ஹோகன்சன்கிட்ட பேசி முடிச்சாச்சு."

"பாவம், தோராவுக்குத் துரோகம் பண்ணிட்டீங்களே" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கே தெரியுமே. நீதான் ஒண்ணும் தெரியாம அழுதுக்கிட்டு நிக்கிற" என்றார்.

மீன் நாற்றமா அந்த ஆளின் நாற்றமா தெரியவில்லை, வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அவர் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அய்லி

*

கிறிஸ்டியானியா,
14 மார்ச் 1909

அய்லி,

பொய் இல்லை.

போட்டியன்று காலையில் ஹோகன்சன் என் அறைக்கு வந்தார். "ரீகாவுல ஜெயிச்சா யாரு பாக்கப் போறாங்க? அடுத்த வருஷம் நம்ம ஊர்ல, ராஜா கண்ணு முன்னாடி ஜெயி. இப்ப முரண்டு பிடிச்சா ரெண்டும் இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். எட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டேன், அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

உன்னிடம் சொல்லாதது தப்புதான். திட்டிக்கொள். ஆனால் வெளியே சொல்லிவிடாதே. பத்து வருஷம் கெஞ்சி இப்போதுதான் நம்மை உள்ளே விட்டிருக்கிறார்கள். நாம் சத்தம் போட்டால் அந்தக் கிழவர்கள் வெட்கப்படுவார்கள் என்றா நினைக்கிறாய்? பெண்களை விட்டதே தப்பு என்று கதவைச் சாத்துவார்கள். இரண்டு மூன்று வருஷம் போகட்டும். நாம் வேரூன்றிய பிறகு பேசலாம்.

தோரா

*

ஹெல்சிங்கி,
25 மார்ச் 1909

தோரா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நிபெர்க்கைக்கூட மன்னித்துவிடுவேன், அவர் பிழைப்பே அது. நீ அழகான எட்டைப் போட்டுவிட்டு, அதை அவர்கள் காலில் மிதிக்கவும் சம்மதித்திருக்கிறாய். நான் அழுதுகொண்டே உன்னைக் கட்டிப் பிடித்தபோது என் முதுகைத் தட்டிக் கொடுத்தாயே, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

உன்னிடம் தோற்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்திருக்கும். அதைக்கூட நீ எனக்கு விடவில்லை.

பதக்கத்தைச் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். நிபெர்க் சொன்னதையும் நீ எழுதியதையும் பத்திரிகைக்குக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வரும். அழுகின வேரை ஊன்றி என்ன விளையப் போகிறது?

இனி எனக்கு எழுதாதே.

அய்லி

*

கிறிஸ்டியானியா,
2 நவம்பர் 1909

அய்லி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படி.

சங்கத்தின் அறிக்கை நேற்று வந்தது. ரீகாவில் பெண்களுக்குப் போட்டி நடந்ததாகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம். இந்தக் குளிர்காலத்தில் பெண்களுக்குப் போட்டி கிடையாது. போட்டி மனப்பான்மையைத் தாங்கும் பக்குவம் பெண்களுக்கு இல்லை என்று அச்சடித்திருக்கிறார்கள். கீழே ஐந்து கையெழுத்து. இரண்டாவது நிபெர்க், மூன்றாவது ஹோகன்சன். இருவரும் வழக்கம்போல ஆண்களுக்கு நடுவர்கள். நேற்று கடைத்தெருவில் ஹோகன்சன் எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். எனக்கு வந்த அருவருப்பை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உன்மேலும் அதே அருவருப்புத்தான், என்மேலும்தான்.

உன்னைப் பொய்க்காரி என்று நான் சொல்லவில்லை. நீ எழுதியது அத்தனையும் உண்மை.

இந்த வருஷம் பதினொரு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி வடகோடியில் இருக்கும் டிராம்சோவிலிருந்து வருவதாக இருந்தாள், பெயர் இங்கெபோர்க், வயது பதினேழு. மூன்று நாள் கப்பல் பயணத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு, எந்த அளவுக்கு எட்டுப் போடவேண்டும் என்று என்னைக் கேட்டு எழுதியிருக்கிறாள். போட்டி நின்றது அவளுக்கு இன்னும் தெரியாது.

அவள் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். பதிலை நீயே அவளுக்கு எழுது.

தோரா