பதினோரு பொட்டலம்

வியாழன். பௌர்ணமி கிரிவலம்.

விடியற்காலை தூறல், நாலரைக்கு நின்றது. ரோடு ஈரம். வெறுங்காலுக்கு நல்லது.

வழியில் சாமியார்களுக்குக் கொடுக்க புளிசாதம் ஐம்பது பொட்டலம், மந்தார இலையில். எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர். தலைமை எதிர்வீட்டு ரேவதி அக்கா. வேங்கிக்காலிலிருந்து ஆட்டோ, ராஜகோபுரத்தில் கற்பூரம், பிறகு நடை. இடது ஓரமாகவே போகணும், நடுவழியில் நின்றால் பலன் இல்லை. அக்காவின் சட்டம். தண்ணீர் குடிக்க நிற்கக்கூடப் பயம்.

அடி அண்ணாமலை தாண்டி, மணி ஏழு இருக்கும், மரத்தடியில் ஒரு சாமியார் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காவி வேட்டி, தாடி. கையருகே ஏற்கெனவே ஏழெட்டுப் பொட்டலம். நானும் குனிந்து ஒன்று வைத்தேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தார். கை நீட்டவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில். ஒரு நொடி நின்றேன். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"யோகத்துல இருக்காரு சுமதி. தொந்தரவு பண்ணாத, வா," என்றார் அக்கா. வந்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு வீடு. இடது குதிகாலில் கொப்புளம். நாளை ஆஸ்பத்திரியில் மார்னிங் டியூட்டி. யூனிஃபார்ம் அயர்ன் பண்ணணும்.

வெள்ளி.

நல்ல வெயில். பெட் 9, நேற்று மதியம் 108-ல் வந்த கேஸ். பக்கவாதம். வலது கை, கால் அசைவு இல்லை, பேச்சு இல்லை. கேஸ் ஷீட்டைப் படித்துக்கொண்டே போனவள் தலையைத் தூக்கினேன். அவர்.

சாமியார் இல்லை. கோவிந்தசாமி, கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயி. மகளுக்குக் குழந்தை வேண்டி பன்னிரண்டு பௌர்ணமி மலை சுற்றுவதாக வேண்டுதல். அதற்குத்தான் காவியும் தாடியும். நேற்று பத்தாவது.

அவர் மனைவி சரோஜா அம்மா: "ஆறு மணிக்கு போன் பண்ணாரு சிஸ்டர், நல்லாத்தான் பேசினாரு. நானும் கூட வந்திருப்பேன். நெலத்துல மல்லாட்ட புடுங்க ஆள் வந்துட்டாங்க."

மதியம் பாதை கூட்ட வந்த தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர்தான் கண்டுபிடித்திருக்கிறார். பொட்டலத்தில் மொய்த்த எறும்பு கையில் ஏறுது, மனுஷன் தட்டி விடல, அதான் சந்தேகம் வந்துச்சு என்றாராம்.

முதல் நாலு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். ஆறு மணிக்கு நன்றாகப் பேசியவர். ஏழு மணிக்கு நான் பார்த்தேன். நேரம் இருந்தது. எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் இருந்தது.

சனி.

ரேவதி அக்காவிடம் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஆயிரம் பேரு போனாங்க. நீ ஒருத்தியா?"

"நான் நர்ஸுக்கா."

"அங்க நீ நர்ஸா போகல. சாமி கும்பிடப் போன."

சரியாகத்தான் சொல்கிறார், அதுதான் எரிகிறது. வார்டில் ஒருத்தருக்கு வாய் கோணினால் அந்தக் கோடியிலிருந்து ஓடுவேன். டாக்டரையே அதட்டுவேன். அங்கே ஆறு பேரில் ஒருத்தி. முன்னால் போனவர்கள் பொட்டலம் வைத்திருந்தார்கள், நானும் வைத்தேன். அவர்களில் யாராவது தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. எனக்கு முன்னால் குனிந்தவருக்கும் அதே நினைப்பு இருந்திருக்கும். இருபத்திரண்டு வருட சர்வீஸ், தூ. வெட்கமாக இருக்கிறது.

வாங்க வேண்டியது: மிக்ஸி வாஷர், ரசத்துக்கு மிளகு, கொப்புளத்துக்கு ஆயின்ட்மென்ட்.

ஞாயிறு.

பெட் 9 கொஞ்சம் விழுங்குகிறார். கஞ்சி, ஸ்பூன் ஸ்பூனாக. சரோஜா அம்மா ஸ்பூனை என்னிடம் தந்துவிட்டார். "நீங்களே ஊட்டுங்க சிஸ்டர், அவருக்குப் புரை ஏறிடுமோனு பயம்." மூன்று வேளையும் நானே. இரவு எட்டு மணிவரை இருந்து ஊட்டிவிட்டு வந்தேன்.

ஊட்டும்போது என்னையே பார்க்கிறார். தெரிந்துதான் பார்க்கிறாரா? நானாகக் கற்பனை செய்கிறேனா?

சரோஜா அம்மா: "அந்தப் பொட்டலத்தையெல்லாம் அவர் பையிலயே போட்டுக் குடுத்துட்டாங்க சிஸ்டர். பதினொன்னு இருந்துச்சு. பதினோரு பேரு குனிஞ்சிருக்காங்க. ஒருத்தர் கூடவா மூஞ்சியப் பாக்கல?"

சரியாக ஓடிக்கொண்டிருந்த டிரிப்பை இன்னொரு தரம் சரிசெய்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் வந்திருந்தா பாத்திருப்பீங்க. இந்நேரம் பேசிட்டிருப்பாரு எம் புருஷன்."

பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கள்.

பெட் 9: பி.பி. 150/90. ஜுரம் இல்லை. சரோஜா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டீ நேரத்தில் கூட வேலை பார்க்கும் மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? சொன்னா அவர் எழுந்து நடப்பாரா?" "ஊரையே கூட்டிடுவாங்க." "மெமோ வரும், பாத்துக்க." மூன்று பேரும் நல்லவர்கள். என் மேல் அக்கறையில்தான் சொல்கிறார்கள். அன்று ரோட்டில் ரேவதி அக்காவும் அக்கறையாகத்தான் "வா" என்றார்.

இன்றும் தலையாட்டிவிட்டு வந்தேன். இது இரண்டாவது தடவை.

செவ்வாய்.

காலையிலிருந்து மழை. மலை தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக் கஞ்சி. நாலு ஸ்பூன் இறங்கியது. வாயைத் துடைத்துவிட்டு, "அந்தப் பதினொன்னுல ஒன்னு நான் வெச்சதும்மா," என்றேன்.

சரோஜா அம்மா புரியாமல் சிரித்தார். மறுபடி சொன்னேன். எந்த இடம், எத்தனை மணி, எல்லாம். வாய் கோணியிருந்ததைப் பார்த்தேன் என்பதையும்.

புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு:

"கண்ணு தெறந்திருந்துச்சா?"

"தெறந்திருந்துச்சு."

"உங்களப் பாத்தாரா?"

"பாத்தாரு."

திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. என் கையிலிருந்து கஞ்சி டம்ளரை வாங்கிக்கொண்டார். ஸ்பூனையும். கஞ்சி அவர் சேலையில் சிந்தியது. துடைக்கப் போனேன்.

"நான் ஊட்டிக்கிறேன்," என்றார். "நீங்க போங்க."