நவமணி உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

20 செப்டம்பர் 1943, திங்கள்

காலையில் எழுந்ததும் நவமணியைச் சுவரோடு நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து அளந்தேன். ஜூன் மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது அளந்த நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு விரற்கடை கூடியிருக்கிறது! மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வளர்ந்துவிட்டாள், பதின்மூன்று வயதுக்காரி.

"நான் என்ன துணியாம்மா? அளந்துகிட்டே இருக்கீங்க!" என்றாள். ரப்பர் தோட்டத்துப் பேச்சு. யாழ்ப்பாணத்தார் பிள்ளை இப்படிப் பேசுவதா என்று அவள் அப்பா முகம் சுளிப்பார். எனக்குப் பிடித்திருக்கிறது.

அவள் பிழைத்தால் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகப் பினாங்குப் பெரிய மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். மதராஸ் கல்லூரியில் இரசாயனம் படித்தவள் நான். நேர்த்திக்கடன் வைக்கிறவர்களைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! காய்ச்சல் கண்ட ஏழாம் நாள், பிள்ளை என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தபோது, படித்ததெல்லாம் எங்கே போனது? அளக்கிற நூலைத்தான் தேடினேன்.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி எங்கள் கெடா மாநிலம் சயாம்காரன் கைக்குப் போகிறதாம். பிறகு பினாங்கு வேறு நாடு. அதற்குள் போய்வர வேண்டும். அதற்குள்!

22 செப்டம்பர்

சுங்கை பட்டாணி முழுக்கத் தேடியாயிற்று. விரல் நீளத்துக்குக்கூட ஒரு மெழுகுவர்த்தி இல்லை.

26 செப்டம்பர், ஞாயிறு

கிடைத்துவிட்டது!

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மருதம்மாளுக்குக் காட்டோரத்து மலாய்க்காரர்களைத் தெரியும். உயர்ந்த மரங்களில் ஏறித் தேன் எடுப்பவர்கள். என் ஊதாப் பட்டுச்சேலையைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு பெரிய உருண்டை தேன்மெழுகோடு வந்து நின்றாள். வீடெல்லாம் தேன் மணம். மெழுகில் தேனீக்களின் கால்கள்கூட ஒட்டியிருந்தன.

எந்த நூல் அளவுக்குச் செய்வது என்று பெரிய வழக்கு.

"நேர்ந்த அன்னிக்கு என்ன ஒசரமோ அதான் கணக்கு, டீச்சரம்மா. அப்புறம் வளந்ததுக்கெல்லாம் யாரு குடுக்குறது?"

"அந்த நாலு விரலும் மாதா தந்ததுதானே, மருதம்மா?"

"அப்போ சீக்கிரம் போய் ஏத்திப்புடுங்க. தங்கச்சி வளர்ற வேகத்துக்குக் காட்டுல தேனே மிஞ்சாது!"

அவள் முனியாண்டியைக் கும்பிடுகிறவள். "மாதாவும் பொம்பளதானே, கோவிச்சுக்க மாட்டா" என்று தனக்காகவும் ஒரு ஜெபம் சொல்லச் சொன்னாள்.

30 செப்டம்பர்

நீண்ட மூங்கிலின் கணுக்களை உள்ளே குத்தித் துளையாக்கி, பழைய வேட்டி நூலைத் திரியாக இழுத்துக் கட்டி, மெழுகை உருக்கி ஊற்றினோம். இன்று மூங்கிலைப் பிளந்தபோது மூச்சே விடவில்லை. முறியாமல் வந்தது! நவமணி பக்கத்தில் போய் நின்றாள். மயிரிழை வித்தியாசமில்லை.

அவர் தோட்டத்து ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்து பார்த்தார். "இஞ்சேரும், இதைப் பாயிலை சுத்திக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனால் துவக்கெண்டு நினைச்சுச் சப்பான்காரன் சுடப்போறான்." மூவரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று இந்த வீட்டில் இப்படிச் சிரித்து!

பிறகு நகத்தால் மெழுகைச் சுரண்டி முகர்ந்தார். "நல்ல மெழுகு. தேங்காயெண்ணெயிலை உருக்கினால் புண்ணுக்கு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். நான் காதில் விழாததுபோல் அடுப்படிக்குப் போனேன்.

4 அக்டோபர், திங்கள்

பயணப் பாஸ் வந்துவிட்டது! எனக்கும் நவமணிக்கும். சனிக்கிழமை ரயில், பிறகு ஃபெரி, இரவு பரஞ்சோதி வீட்டில் — என்னோடு கல்லூரியில் படித்தவள் — ஞாயிறு காலைப் பூசை. அவரால் வர முடியாது. வார்டில் இருபத்தாறு பேர், புண்ணுக்குக் கட்டுப் போட டிரசர் அவர் ஒருவர்தான்.

முக்காட்டுச் சரிகைத் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். கிழங்குமாவு அடைக்கு மாவு இடித்தாயிற்று. நவமணிக்கு அந்தக் கோயிலின் இரண்டு கோபுரங்களையும் இந்த நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். 1922-இல் கப்பலைவிட்டு இறங்கிய அன்றே அவர் என்னை அங்கேதான் அழைத்துப்போனார். உள்ளே ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். காலடியில் தரை அதிர்ந்தது. புதுப்பெண், யாரையும் தெரியாது, ஆனால் பயம் போய்விட்டது. அந்த அதிர்வை என் பிள்ளையும் உணர வேண்டும்.

நாற்பத்து மூன்று வயதில் இப்படித் துள்ளலாமா? துள்ளுகிறேன்.

6 அக்டோபர்

அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

இராசாத்திக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டுகிறவள், இருபது வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியும் புண். களிம்பு தீர்ந்து ஒரு மாதமாகிறது. வெறும் துணியை வைத்துக் கட்டினால் சதையோடு ஒட்டிக்கொள்கிறது, தினமும் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அலறல்...

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "மாதா கோயிலுக்குப் போறீங்களாமே, டீச்சரம்மா? எனக்கு ஒரு காலு கேட்டு வாங்கியாங்க. பழசா இருந்தாலும் பரவால்ல."

அவளைப்போல் இன்னும் பதினோரு பேர். எண்ணினேன்.

7 அக்டோபர்

அவர் மெழுகைக் கேட்கவில்லை. கேட்டால் மறுத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன். ஏன் கேட்க மாட்டேனென்கிறார்?

8 அக்டோபர், வெள்ளி

சாமான் கட்டியாயிற்று. மெழுகுவர்த்தியைப் பாயில் சுருட்டிக் கதவோரம் சாய்த்துவைத்தார், இரண்டு பக்கமும் வைக்கோல் அடைத்து. "கவனமாக் கொண்டுபோம், வழியிலை முறியக் கூடாது" என்றார். நவமணி ஃபெரியைப் பற்றிப் பாடிக்கொண்டே பின்னலை அவிழ்த்துப் பின்னுகிறாள்.

நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதானே? செலுத்தாமல் விட்டு, பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால்? எழுதவே கை கூசுகிறது. இரசாயனம் படித்தவளாம்! அடி போடி.

வெறுங்கையோடாவது பினாங்குக்குப் போகத்தான் போகிறேன். முக்காடு போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தி நிற்க வேண்டிய இடத்தில் நவமணியையே நிறுத்துவேன். இவள்தான், பாருங்கள், இவ்வளவு உயரம் என்று மாதாவிடம் சொல்லுவேன். கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும்.

நாளைக் காலை அவர் ஆறு மணிக்கு வார்டுக்குப் போய்விடுவார். எங்களுக்கு ரயில் எட்டரைக்கு. அதற்குள் பாயைப் பிரித்து, மெழுகுவர்த்தியைத் துண்டு துண்டாக உடைத்து, அவர் களிம்பு காய்ச்சும் சட்டியில் போட்டு வைக்க வேண்டும். உடைத்தே ஆக வேண்டும். முழுதாக விட்டுப்போனால் அவர் தொடமாட்டார்.