புழக்கத்தில் சிக்கிய என் வீட்டுக்காரர்

அனுப்புநர்
சலூன்காரர் மனைவி (தொழில்: தையல்),
சலூனுக்கு மேல் மாடி வீடு,
கடைத்தெரு.

பெறுநர்
உயர்திரு மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: என் வீட்டுக்காரர் கொடுத்த கட்டிங் டோக்கன் ஊரின் பணமாகிவிட்டதால் அவரை ஊர் எல்லை தாண்ட விடாமல் தடுத்து வைத்திருப்பது – பேத்தியைப் பார்க்க அவரை மீட்டுத் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் துணி தைத்துப் பிழைத்து வருகிறேன். என் வீட்டுக்காரர் கீழே சலூன் நடத்துகிறார். கெட்டிக்காரர். ஆனால் யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. ஊரில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, பெரிய நோட்டை நீட்டியவர்களுக்கு மீதிக்குப் பதிலாக இவர் டோக்கன் கொடுத்தார். டோக்கனைக் காட்டினால் அடுத்த கட்டிங்குக்குக் காசு வேண்டாம் என்பது ஏற்பாடு. பழைய வாளி மூடியை வட்டமாக நறுக்கி, ஓரத்தில் பல் கத்தரியால் ஒரு கடி கடித்துவிடுவார். அந்தக் கத்தரியில் இரண்டு பல் உடைந்திருப்பதால் அதே தடம் வேறு யாருக்கும் விழாது. டீக்கடைக்காரர் ஒரு நாள் அதை டீக்கு வாங்கிக்கொண்டார். பால்காரர் அதை டீக்கடைக்காரரிடம் பாலுக்கு வாங்கினார். அதற்குப் பிறகு அது சலூன் பக்கம் திரும்பவே இல்லை.

3. உள்ளதைச் சொல்ல வேண்டும். நூல் மில் மூடப்பட்டு, ஊரில் யார் கையிலும் நோட்டு இல்லாமல் போன சமயத்தில் இந்த டோக்கன்தான் எங்களைக் காப்பாற்றியது. கேட்டவர்களுக்கெல்லாம் இவர் வெட்டிக் கொடுத்தார். கொல்லர் வேலை செய்தார், காய்கறிக்காரி விற்றாள், நானும் தைத்தேன். வெளியூர்ப் பணம் வராமலே உள்ளூர் நடந்தது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை.

4. கெட்டது அதன் பிறகுதான். தக்காளி கிலோ அரை கட்டிங் என்றும், சைக்கிள் பஞ்சருக்கு ஒரு சேவிங் என்றும் விலை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முடி வெட்டிக்கொண்டால் கையில் உள்ள பணம் கரைந்துவிடும் என்று ஒருவரும் சலூனுக்கு வருவதில்லை. தலைமையாசிரியருக்குப் பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. காவலர் தன் கொண்டைக்கு மேல் தொப்பியை வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இவர் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்தபடி இருக்கிறார். புதிதாக டோக்கன் வெட்டவும் அனுமதி இல்லை; வெட்டினால் விலைவாசி ஏறிவிடும் என்று வியாபாரிகள் சங்கம் தடுத்துவிட்டது. ஊருக்கே பணம் கொடுத்தவர் என் தையல் கூலியில் சாப்பிடுகிறார். அந்தக் கூலியும் இவர் வெட்டிய டோக்கன்தான்.

5. இவருடைய வலது கையை நம்பியே டோக்கனுக்கு மதிப்பு என்பதால், அந்தக் கைக்குச் சங்கம் காவல் போட்டிருக்கிறது. வீட்டில் வெங்காயம் நறுக்கக்கூடாது, வாளி தூக்கக்கூடாது, கதவிடுக்குப் பக்கம் கை போகக்கூடாது. இவர் ஒரு முறை சளி பிடித்து இருமினார். அன்று மாலைக்குள் அரிசி விலை இரண்டு மடங்காகிவிட்டது. மறுநாள் சங்கத் தலைவர் இவரைக் கடைத்தெரு முழுவதும் நடக்கவைத்து, எல்லோருக்கும் கையை ஆட்டிக் காட்டச் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை எங்களுடையது.

6. இந்நிலையில் வெளியூரில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டோம். செய்தி தெரிந்து அரிசி மண்டிக்காரர் ஓடிவந்து பஸ்ஸுக்கு முன்னால் படுத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க போயிட்டா எங்க பணமெல்லாம் வெறும் வாளி மூடிண்ணே" என்று அழுதார். கண்டக்டர் விசில் ஊத மறுத்தார். அவர் பையிலும் டோக்கன் இருந்தது. என் வீட்டுக்காரர் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "நீ போயிட்டு வா. ஊரே என்னை நம்பி இருக்குல்ல" என்று சொல்லி இறங்கிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, ஐயா.

7. நான் மட்டும் போனேன். மகள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பின்னாடி வர்றாரா?" என்றாள். கைக்குக் காவல், அதனால் வரவில்லை என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் கூட்டம் என்றேன்.

8. திரும்பி வந்த அன்று, இவர் தலையும் காடாகக் கிடந்ததைப் பார்த்து, "உக்காருங்க, வெட்டி விடறேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் தலைக்குக் கத்தரி வைப்பது நான்தான். முடித்து எழுந்தவர் சட்டைப் பையில் கைவிட்டு எனக்கு ஒரு டோக்கன் நீட்டினார். சும்மா வெட்டிக்கொண்டது தெரிந்தால் ஊருக்கு டோக்கன் மேல் நம்பிக்கை போய்விடுமாம். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

(அ) டோக்கன் வைத்திருக்கும் அனைவரும் குறிப்பிட்ட நாளுக்குள் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட வேண்டும். டோக்கன் எல்லாம் திரும்பி வந்துவிட்டால் இவருக்கு விடுதலை.

(ஆ) வட்டிக்கடைக்காரரிடம் இரண்டு மூட்டை டோக்கன் இருக்கிறது; தலையில் ஒரு முடி இல்லை. அவர் தன் டோக்கனுக்கு யார் தலையை அனுப்பலாம் என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். இது தொடர்பாக அவர் என்னிடம் சண்டைக்கு வருகிறார்.

(இ) சில்லறைக்கு வேறு வழி செய்துதர வேண்டும். டோக்கன் போய்விட்டால் காய்கறிக்காரியும் கொல்லரும் மறுபடி வெறுங்கையோடு நிற்கக்கூடாது. அவர்கள் வயிற்றில் அடித்து நான் பேத்தியைக் கொஞ்ச விரும்பவில்லை.

10. தாங்கள் நடவடிக்கை எடுக்கத் தாமதமானால், அடுத்த சந்தை நாளில் சந்தை வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நானே காசு வாங்காமல் முடி வெட்டி விடுவதாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மாடல், என் வீட்டுக்காரர் தலையில் இருப்பது. காசில்லாமல் கிடைக்கும் கட்டிங்குக்கு டோக்கன் எதற்கு என்று ஊர் யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். இதை மிரட்டலாகக் கொள்ள வேண்டாம். முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்பதால் தெரிவிக்கிறேன்.

அந்த நிலைக்கு என்னைத் தள்ளாமல், மனிதரை மனிதராக வீட்டுக்கு அனுப்பி வைக்கும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: பேத்தி குப்புற விழப் பழகிய வாரம், வெள்ளிக்கிழமை
இடம்: மாடி வீடு

இப்படிக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
சலூன்காரர் மனைவி

இணைப்பு: பேத்தியின் புகைப்படம், ஒன்று. அலுவலகத்தில் உள்ள அனைவரும் பார்க்கலாம். விசாரணைக்கு என் வீட்டுக்காரரை அழைத்தால் அவரிடம் மட்டும் காட்ட வேண்டாம். பேத்தியை அவர் நேரில் போய்ப் பார்க்கட்டும்.