பெருக்கல் முடியும்வரை

லின்ட்ஸ், மார்ச் 3

அன்புள்ள கெர்னோட்,

தொலைபேசியில் நமக்குச் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். "ஒரே வருஷம் ஒட்டிலி, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்று சொல்லிவிட்டுத் தைவானுக்குப் போனாய். இரண்டாவது குளிர்காலமும் போய்விட்டது. கசகசா கேக் செய்தால் பாதி வீணாகிறது. அங்கே என்னதான் முடியவில்லை?

உன் ஒட்டிலி

சின்ச்சு, மார்ச் 15

என் ஒட்டிலி,

பெருக்கல்தான் முடியவில்லை. எங்கள் புதிய கணினிச் சில்லு வேறு வழியில் பெருக்குகிறது. எந்த இரண்டு எண்ணைக் கொடுத்தாலும் பழைய சில்லின் விடையே வரும் என்று நிரூபித்தால்தான் என்னை விடுவார்கள். நிரூபிப்பதற்கென்றே நீ எழுதிய மென்பொருள், அந்த சால்வர், எட்டு பிட் நீளமுள்ள சின்ன எண்களை நொடியில் முடிக்கிறது. முப்பத்திரண்டு பிட் என்றால் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலாளர் ஷூ தினமும் கிண்டல் செய்கிறார்: "உங்க வீட்டம்மா சால்வர் இன்னுமா யோசிக்குது? ஊருக்குப் போற எண்ணமே இல்லையா?" நானும் சிரித்து வைக்கிறேன். அறைக்கு வந்தால் உன் நினைப்பில் சாப்பாடு இறங்குவதில்லை.

கெர்னோட்

லின்ட்ஸ், மே 20

கெர்னோட்,

பிடித்துவிட்டேன்! பெருக்கலைக் கண்டதும் சால்வர் அதைப் பிட் பிட்டாக உடைத்துவிடுகிறது. உடைத்தபின் அது பெருக்கல் என்பதே அதற்குத் தெரிவதில்லை. மலைபோலக் குவிந்த ஒன்றையும் சுழியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது. இப்போது இரண்டு சில்லின் பெருக்கலையும் முழுதாகவே வைத்து ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இடத்தை மட்டும் உடைக்கச் செய்திருக்கிறேன். முப்பத்திரண்டு பிட்டும் நாலு நிமிடத்தில் முடிந்தது! என் மாணவி வால்ட்ராவுட் கேட்டாள்: "புருஷன் வீட்டுக்கு வரணும்னா இவ்வளவு ஆராய்ச்சி?" ஆமாம் என்றேன், வெட்கமே இல்லாமல். டிக்கெட் எடு.

ஒட்டிலி

சின்ச்சு, ஜூன் 4

ஒட்டிலி,

நிரூபணமாகிவிட்டது. அன்று மாலையே ஷூ கூப்பிட்டார்: "முப்பத்திரண்டு முடிஞ்சுதுன்னா அறுபத்துநாலும் முடியும்ல? நீங்கதான் இருந்து பாத்துக்கணும்." முடியாது என்று இருந்தவரை யாரும் கேட்கவில்லை. இப்போது முடிகிறது, கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். திட்டு. ஆனால் எழுது.

கெர்னோட்

லின்ட்ஸ், ஜூன் 16

கெர்னோட்,

கோபமே வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அறுபத்துநாலு பிட்டுக்கும் வழி தெரிகிறது. அதைச் செய்யாமல் என்னால் இருக்க முடியாது, செய்வேன். உனக்கென்று முதலில் அனுப்ப மாட்டேன். ஊருக்கெல்லாம் வெளியிடும் நாளில் நீயும் எடுத்துக்கொள். அதற்கு மேல் பெரிதாக ஒன்று வந்தாலும் சரி என்றுதான் சொல்வாய். உன்னை அங்கே பிடித்து வைத்திருப்பது பெருக்கல் இல்லை.

இன்றும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் நீதானோ என்று எட்டிப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் விடும்வரை என் கடிதம் வரும்.

ஒட்டிலி