பத்து நொடி பேசும் கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரை போடாமலே போட்டேன் என்கிறாயாம், அப்பா போட்டுக்கொடுத்துவிட்டார்.

இங்கே ஒரு சின்னக் கூத்து. போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். யாரோ தூக்கிப்போட்ட பேசும் பொம்மையைப் பிரித்து, குரல் பதியும் சிப்பை எடுத்து என் அறைக் கதவில் மாட்டினேன். கதவைத் திறந்தால் அது பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேட்டரியின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துத் தொலைத்தேன். கெப்பாசிட்டர் பட்டென்று வெடித்துப் புகை கிளம்ப, தீ எச்சரிக்கை மணி அலறி, நான்கு மாடி ஜனமும் தெருவில் நின்றது.

வீட்டுக்கார அம்மா ஓடி வந்து, "அப்படி என்னம்மா சமைச்சே?" என்றார்.

"பொம்மையைத்தாங்க" என்றேன். சிரித்துவிட்டார். நல்ல வேளை, சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும்தான்.

வேறு கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டேன், இப்போது ஜோராக வேலை செய்கிறது. சோதனைக்கு என் குரலையே பதிந்தேன். தினமும் கதவைத் திறந்ததும் நானே என்னிடம், "வந்துட்டியா?" என்று கேட்கிறேன். சகிக்கவில்லை.

அதனால் அப்பாவின் போனில் உன் குரலைப் பதிந்து அனுப்பு. பத்து நொடிதான் பிடிக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு என்று ஆரம்பித்தால் பாதியில் அறுந்துவிடும். "வந்துட்டியா?" மட்டும் போதும். பின்னால் மிக்ஸி ஓடினால் ஓடட்டும், நிறுத்தாதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்