டெஸ்டர் அர்ச்சுனன் கொடுக்கும் விளக்கம்

தம்போய், ஜொகூர் பாரு
ஜூலை 15, செவ்வாய்

அன்பு மகள் ரூபினிக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் என் உடம்பைப் பற்றி. ஒன்றும் இல்லை. எந்தக் கிளினிக்கிலும் நான் படுத்திருக்கவில்லை. இன்று காலை நான்கு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். அதில் இரண்டு அம்மாவுக்குத் தெரியாது.

போன புதன்கிழமை உன் கைப்பேசிக்கு வந்த செய்தி நிஜமில்லை. அனுப்பியது கம்ப்யூட்டர், அனுப்ப வைத்தது நான். அன்றிலிருந்து ஆறு நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் கொஞ்சமாவது படிப்பாய் என்று நம்புகிறேன்.

அன்று அழுகையோடு அழுகையாக உனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்று சொன்னாயே, அது என் காதில் விழுந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், ஓடிவிடாதே. உன் கோபம் நியாயம்தான். ஆனால் பாதிக் கதைக்குத்தான் நீ கோபப்பட்டிருக்கிறாய். முழுக் கதையில் அப்பாவின் மானம் இன்னும் அதிகமாகப் போகிறது. அதனால் உனக்குப் பிடிக்கும்.

கோமளா மேடத்தின் மென்பொருள் கம்பெனிக்கு நான் வேன் ஓட்ட ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. நீ கடைசியாக வந்தபோது பார்த்தாயே, பதினான்கு சீட்டும் நிறைந்திருக்கும். எல்லாம் இங்கே உட்கார்ந்து சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் கோட் எழுதுகிற பிள்ளைகள். அங்கே ஓர் ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் இங்கே மூன்று பேர் கிடைப்பார்கள், அதுதான் வியாபாரம் என்று நீயே எனக்கு விளக்கினாய். இந்த வருஷம் தைப்பூசம் முடிந்தபோது வேனில் ஆறு பேர்தான். கோட் எழுதுகிற வேலையை மெஷினே பார்த்துக்கொள்கிறதாம். பேப்பர் படித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. இந்தத் தொழிலின் நிலவரம் எனக்கு வேனின் பின்கண்ணாடியில் தெரிந்தது.

நீயும் ஒரு நாள் போலந்திலிருந்து போனில், "இந்த அவுட்சோர்சிங்கே முடிஞ்சுபோச்சுப்பா" என்றாய். நான், "அப்படியாம்மா, அங்க இன்னும் குளிரா?" என்று கேட்டேன். நீ எதைச் சொல்ல வந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. புரிவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. வேனில்கூட நான் இவ்வளவு மெதுவாகப் போவதில்லை.

இனிமேல்தான் நல்ல செய்தி. மே மாதத்திலிருந்து வேனில் மறுபடியும் ஆள் ஏற ஆரம்பித்தார்கள். ஆனால் வேறு மாதிரி ஆட்கள். மூவாரில் மேசை நாற்காலி செய்கிற தொழிற்சாலையில் இருபது வருஷம் ஏற்றுமதி பார்த்த ஒரு சீனர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்கார நர்ஸ். இவர்களில் ஒருவருக்கும் கோட் எழுதத் தெரியாது. ஒரு நாள் மேடத்தின் கார் பட்டறையில் இருந்தது, அவரும் வேனில் ஏறினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? என்ன மேடம், ஆளே மாறிப்போச்சு என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணே, முன்ன தலைய எண்ணி வித்தோம். இப்ப தலைக்கு எவனும் காசு குடுக்க மாட்டான். எழுதுறத மெஷின் எழுதிரும். எழுதுனது சரியா, நம்ம ஊரு மனுசனுக்கு அது வேலை செய்யுமான்னு அதுக்குத் தெரியாதுலா. தெரிஞ்சவங்களத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். முன்பு சீட்டுக்குக் காசு வாங்கினார்கள். இனிமேல் ஊர் போய்ச் சேர்ந்தால்தான் காசு.

பத்து நாள் கழித்து, சோதனை செய்கிற பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பிரேமலா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். சிங்கப்பூரில் பதினொரு கிளினிக் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்காக ஓர் ஆப் செய்கிறார்கள். தினமும் இங்கிருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போகிற நம்ம ஆட்கள் அதில் பெயரைப் பதிந்து வைக்கலாம். அங்கே அவர்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு உடனே செய்தி போய்விடும். முழுவதையும் மெஷின் ஒன்பது நாளில் எழுதிவிட்டதாம். "உங்கள மாதிரி ஒருத்தர் பதிஞ்சு பாக்கணும் அங்கிள்" என்றாள். என்னை மாதிரி என்றால் எப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொறுமை இல்லாதவங்க" என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை. வேறு வார்த்தையும் அவள் வாயில் இருந்திருக்கும்.

அடையாள அட்டையில் இருக்கிறபடியே என் பெயரை அடித்தேன், நடுவில் 'இன்னாரின் மகன்' என்று காட்டுகிற அந்த 'ஏ/எல்' உட்பட. சாய்ந்த கோடு ஆகாது என்றது. எடுத்துவிட்டேன். குடும்பப் பெயர் என்ன என்றது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? உன் தாத்தா பெயரைப் போட்டேன். அடுத்து, உறவினர் யார் என்று கேட்டது. மகள் என்று உன் பெயரைப் போட்டேன். உன் பெயருக்குப் பின்னால் வருவது என் பெயர்தானே? உடனே சிவப்பு எழுத்தில், குடும்பப் பெயர் பொருந்தவில்லை, இவர் உங்கள் உறவினர் அல்ல என்று சொல்லிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம். மோட்டார் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, போலந்து வரைக்கும் அனுப்பி வைத்த பிள்ளையை, ஒன்பது நாள் வயசான மெஷின் உறவில்லை என்கிறது. "அலமாக், இது என்னா மெஷின்" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிரேமலா மட்டும் கைதட்டினாள். நர்ஸ் எழுந்து வந்து, எங்கள் பெயரும் அப்படித்தானே, மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தான் வரும் என்றார். அத்தனை நாளும் மெஷின் தானே இட்டுக்கட்டிய வெள்ளைக்காரப் பெயர்களை வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள். அப்படியே அனுப்பியிருந்தால் பாதி ஜொகூருக்கு அப்பா அம்மா இல்லாமல் போயிருக்கும்.

மறுநாள் எனக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் வேன், நடுவில் மேசை. கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது, அதில் டெஸ்டர் என்று போட்டிருக்கிறது. குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறேன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவனை மென்பொருள் கம்பெனி வேலைக்கு எடுக்கிறது என்றால், தொழில் செத்துவிட்டது என்றும் சொல்லலாம், இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். தப்பையெல்லாம் திருத்தியாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். இது பிடிக்காவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணனே செய்து காட்டட்டும் என்று மேடம் என்னை முன்னால் உட்கார வைத்துவிட்டார். அடிக்க வேண்டிய பெயர், எண் எல்லாவற்றையும் பிரேமலா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். கண்ணாடியை வேனிலேயே விட்டுவிட்டேன். தாளில் எல்லாம் எறும்பாகத் தெரிகிறது. உறவினர் எண் என்று கேட்டபோது விரல் தானாகவே உன் எண்ணை அடித்துவிட்டது. உலகத்தில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். அம்மாவின் எண்கூடத் தெரியாது, அவள்தான் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறாளே. அவசரம் என்ற பொத்தானை அமுக்கினேன். செய்தி போய்ச் சேர்ந்தது என்று பச்சையாக வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேசைமேல் இருந்த என் போன் அடித்தது. பார்த்தால் உன் பெயர். இரண்டு மாதமாக, பிசிப்பா, அப்புறம் கூப்பிடுறேன் என்று எழுதியதோடு சரி, நீயாகக் கூப்பிட்டதே இல்லை. சந்தோஷத்தில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. எடுத்தேன். என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், உனக்குத் தெரியும்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு, யாரு பேசுறது? எந்தக் கிளினிக்? மெசேஜ்ல கிளினிக் பேரு இல்ல, திருப்பிக் கூப்பிட நம்பர் இல்ல, எவன் இத அனுப்புனான்?" என்று நீ கத்தினாய். பிறகு, டிக்கெட் போடுறேன், இன்னிக்கே கிளம்புறேன், லீவு கேக்க எனக்கு வேலையே இல்ல, போயி மூணு மாசம் ஆச்சு என்று அழுதாய். நான், அப்பாதாம்மா பேசுறேன், இது டெஸ்ட்டு என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அந்தச் செய்தி வந்ததிலிருந்து என் குரலைக் கேட்கும் வரை நீ அங்கே தனியாக என்ன பாடு பட்டிருப்பாய் என்றுதான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு. விளையாட்டாக எழுதிக்கொண்டு வருகிறேனே தவிர, இந்த ஒரு வரியை விளையாட்டாக எழுதவில்லை.

நீ வைத்ததும் அறையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். வந்திருந்த சீனப் பெண்மணி, போனில் பேசியது யார், என்ன கேட்டார் என்று விசாரித்தார். பிரேமலா மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, அந்தப் பெண் கேட்டது சரி, கிளினிக் பெயரும் எண்ணும் இல்லாத செய்தி என் அம்மாவுக்கு வந்திருந்தால் மோசடி என்று அழித்திருப்பார், எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லையே என்றார். அந்த இரண்டையும் சேர்த்தார்கள். நேற்று பதில் வந்துவிட்டது. பதினொரு கிளினிக்குக்கும் இந்த வருஷமே இந்த ஆப்பைப் போடுகிறார்களாம், அடுத்த வேலையும் நமக்குத்தான். அலுவலகத்தில் நாசி லெமாக் வாங்கிக் கொண்டாடினார்கள். எனக்கு இரண்டு பொட்டலம். ஒன்று உன் பங்கு என்றாள் பிரேமலா. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

புதன்கிழமை சாயந்திரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எனக்கு நல்ல அர்ச்சனை. பிறகு, "வேலை போனா போவுது, எங்ககிட்ட சொல்றதுக்கு என்னாங்க வெக்கம்?" என்றாள். பிறகு எழுந்து உன் அறையில் நான் போட்டு வைத்திருந்த தூண்டில், வலை எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு, மெத்தையை வெயிலில் போட இழுத்தாள். வெயில் போய்விட்டதே என்றேன். நாளைக்கு வரும் என்றாள்.

மறுநாள் கோமளா மேடம் கூப்பிட்டு, உங்கள் மகள் அங்கே என்ன வேலை செய்தார் என்று கேட்டார். ஒரு நாட்டில் நடக்கிற வேலையை இன்னொரு நாட்டுக்குக் கை மாற்றிக் கொடுக்கிற வேலை என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அவருக்கு இப்போது அப்படி ஓர் ஆள் வேண்டுமாம். மெஷின் எழுதியதை வாங்கிப் பார்த்து, எங்கே உதைக்கும் என்று கண்டுபிடித்து, வாடிக்கையாளரிடம் பொறுப்பாக ஒப்படைக்கிற ஆள். "பாவம் பாத்து ஒரு நாற்காலி குடுக்க மாட்டேண்ணே. நேர்முகத்துல கேள்வியா கேப்பேன், சரியில்லன்னா அனுப்பிருவேன். ஆனா அழுதுகிட்டே தப்பு கண்டுபிடிக்கிற ஆள நான் பாத்தது இல்ல" என்றார். நான் சிபாரிசுக்கு வாயே திறக்கவில்லை. திறந்தேன், உடனே "அண்ணே, வேன் சாவிய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் நீ விண்ணப்பம் எழுத வேண்டுமாம். முகவரி எழுதிய அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

ரூபினி, இந்தக் காகிதத்தில் நான் பாதிக்கு மேல் கம்பெனியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். சந்தோஷம் தாங்காமல்தான் எழுதினேன், உன்னை இழுக்கத் தூண்டில் போடவில்லை. அந்த வேலை உனக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம். அங்கேயே வேறு கிடைத்தால் அதையும் பார். ஒன்றுமே செய்யாமல் நாலு மாதம் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு தூங்கினாலும் இந்த வீட்டில் யாரும் காரணம் கேட்க மாட்டோம். பக்கத்து வீட்டில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், என் கழுத்தில் அட்டை இருக்கிறது.

போனை எடு. திட்டுவதற்காகவாவது எடு. அன்று டிக்கெட் போடுகிறேன் என்றாய், பிறகு போடாமல் விட்டிருப்பாய். எனக்கு முடியாமல் போனால்தான் நீ வரலாம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. நான் நன்றாக இருக்கும்போதே வாம்மா.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உன் அப்பா
அர்ச்சுனன்